யாஷிகா மேட் 124ஜி: ஊர்ச் சடங்குகளைப் படமெடுக்க இந்தப் பழைய கேமரா போதுமா?

மேற்கு ஆப்பிரிக்காவில் யொரூபா மக்களின் ஊர்களில் பல ஆண்டுகள் பழகி, அவர்களின் சடங்குகளைப் படமெடுத்தவர் பியர் வெர்ஜே. 1902இல் பாரிஸில் பிறந்தவர். 1932 முதல் கேமராவைத் தொட்டவர். அவர் கையில் இருந்தது ரோலிஃப்ளெக்ஸ். மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். வயிற்றுக்கு நேரே பிடித்து, குனிந்து கண்ணாடியைப் பார்த்து எடுக்க வேண்டும். பிரேசிலின் சால்வடோர் நகரில் அவர் வீட்டிலேயே இயங்கும் அறக்கட்டளையில் அவருடைய நெகட்டிவ்கள் ஏறக்குறைய 62 ஆயிரம் இருக்கின்றன.

நல்ல நிலையில் உள்ள ரோலிஃப்ளெக்ஸ் இன்று எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. அதே அமைப்பில் ஜப்பானில் 1970 முதல் 1986 வரை வந்த யாஷிகா மேட் 124ஜி அதைவிடக் குறைந்த விலையில் இன்னும் கைமாறுகிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் ஊர்த் திருவிழாவையும் வீட்டுச் சடங்கையும் முறையாகப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு இது ஆகுமா? பகலுக்குத் தாராளமாக ஆகும். இரவுக்கு ஆகாது.

இதன் பலம் அது பிடிக்கப்படும் உயரத்தில் இருக்கிறது. ஆடிப் பதினெட்டு அன்று தெருவில் சிறுபிள்ளைகள் சப்பரம் இழுத்து வருவார்கள். நின்றபடி கண்ணில் வைத்து எடுக்கும் கேமராவில் அவர்களின் உச்சந்தலைதான் விழும். இந்தக் கேமரா இருப்பது இடுப்புக்குச் சற்று மேலே, அதாவது பிள்ளைகளின் கண் மட்டத்தில். சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து பானை வனைகிற வேளாரை, நாம் ஒரு முழங்காலிட்டால் நேருக்கு நேர் எடுக்கலாம். நிற்கிற பெரியவர்களோ சற்றுக் கீழிருந்து பார்க்கப்படுவதால் படத்தில் நிமிர்ந்து தெரிவார்கள். இன்னொன்றும் உண்டு: எடுப்பவர் தலைகுனிந்து நிற்கிறார். முகத்துக்கு நேரே ஒரு குழாயை நீட்டுவதற்கும் இதற்கும் எதிரே நிற்பவரின் உடம்பில் தெரிகிற வித்தியாசம் பெரிது.

லென்ஸ் 80 மி.மீ., திறப்பு எஃப் 3.5 (இந்த எண் கூடக் கூடத் திறப்பு சுருங்கும்). நான்கு கண்ணாடித் துண்டுகள் கொண்ட டெஸ்ஸார் வகை. முழுக்கத் திறந்தால் ஓரங்கள் கொஞ்சம் மங்கும். எஃப் 8, எஃப் 11இல் மூலைவரை தெளிவு. 120 எனப்படும் அகல ரோல் பிலிமில் 6க்கு 6 செ.மீ. அளவில் 12 படங்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் சுமார் இரண்டு மீட்டர் அகலம் அடங்கும்: பால்குடம் எடுத்தவரும் பக்கத்தில் வேப்பிலையோடு வருபவரும் சேர்ந்து வருவார்கள். கிட்டே இழுக்க ஜூம் கிடையாது. வேண்டுமானால் நடந்து போக வேண்டும். நடந்து போக ஊர் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த இடம் கிடைப்பதைப் பற்றி யொரூபா ஊர்களின் எகுங்குன் வழக்கம் நிறையச் சொல்கிறது. முன்னோர் ஆவியாக வரும் வேடம் அது. தலை முதல் கால்வரை துணிகளால் மூடியிருக்கும். மற்றவர் மேல் அந்தத் துணி படக்கூடாது. கம்பு பிடித்த துணையாட்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டே வருவார்கள். அங்கே படமெடுக்க வருபவர் முதலில் சொல்லி வைக்க வேண்டியது வேடக்காரரிடம் அல்ல, அந்தத் துணையாட்களிடம். நம் ஊரில் சாமியாடியைச் சுற்றி வருபவர்களும் பூசாரியும் நாட்டாண்மையும் அதே இடத்தில் இருக்கிறார்கள். காப்புக் கட்டும் நாளிலேயே போய்ப் பார்த்து, எங்கே நிற்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று கேட்டுவிட வேண்டும். ஓரோ சடங்கின்போது யொரூபா ஊர்ப் பெண்கள் வெளியே வருவதில்லை. படம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நம்மிடம் கருவறை அப்படி. மறுப்பு வந்தால் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் தகவல்தான்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. வேகத்தை 1 விநாடியில் வைத்து அழுத்துங்கள். பழைய கிரீஸ் இறுகியிருந்தால் ஷட்டர் இரண்டு மூன்று விநாடி இழுக்கும், சில சமயம் மூடவே மூடாது. பிறகு ‘பி’யில் (அழுத்திப் பிடிக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) வைத்து, பின்கதவைத் திறந்து, டார்ச் அடித்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளைத்திருந்தால் பூஞ்சை. மேல் லென்ஸில் லேசாக இருந்தால் பரவாயில்லை. படம் விழுவது கீழ் லென்ஸ் வழியாக. இரண்டு லென்ஸும் ஒரே தூரத்தில் குவிகின்றனவா என்பதுதான் மிக முக்கியம். பிலிம் ஓடும் இரண்டு தண்டவாளங்களின் மேல் மங்கல் கண்ணாடியை வைத்து, ‘பி’யில் ஷட்டரைத் திறந்து பிடித்து, மூன்று மீட்டரில் ஒரு நாள்காட்டியை மேலே கூர்மையாக்குங்கள். கீழேயும் எழுத்து கூர்மையாக விழ வேண்டும். விழாவிட்டால் விற்பவர் சரிசெய்து தரட்டும். கதவோரக் கறுப்பு ஸ்பாஞ்ச் பொடிந்திருப்பது சகஜம், மாற்றுவது சுலபம். தானியங்கி டைமர் நெம்புகோலைத் தொடவே வேண்டாம். பழைய கேமராவில் அது பாதியில் நின்றால் ஷட்டரே பூட்டிக்கொள்ளும்.

உள்ளே இருக்கும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. அந்த பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் முள் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும். அதை நம்பினால் நெகட்டிவ் மெலிந்துவிடும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாக பேட்டரி 1.4 வோல்ட், கிட்டத்தட்டச் சரியாக வரும். ஒட்டியிருக்கும் தாளை உரித்ததுமே அதன் ஆயுள் குறையத் தொடங்கும். ஆகவே திருவிழாவுக்கு முதல் நாள் உரித்தால் போதும்.

ரோல் போடும்போது காகிதத்தில் உள்ள அம்புக்குறியை உடலில் உள்ள குறிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி, கதவை மூடி, கைப்பிடியைத் தானாக நிற்கும்வரை சுற்றினால் 1 வந்துவிடும். கதவின் உள்ளே இருக்கும் அழுத்தத் தகடு 120 நிலையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். வேறு வகை ரோலுக்கான 220 நிலைக்குத் தள்ளியிருந்தால் பிலிம் இறுகும், கீறல் விழும், ஃபோகஸும் விலகும். ரோலை நிழலில்தான் மாற்ற வேண்டும். ஆற்றுமணல் ஒரு துகள் உள்ளே போனாலும் 12 படத்திலும் ஒரே கோடு ஓடும்.

டெல்டாவின் வெளிச்சம் தனிப் பாடம். ஆடிப் பதினெட்டில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேல் நிற்கும். கண்குழி இரண்டும் கறுப்பாகும். புது வேட்டி வெள்ளையில் கரையும். திருவையாற்றுப் படித்துறையில் காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்துப் படைத்து, மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்களை எட்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள். அங்கே தண்ணீரின் பளபளப்பு மீட்டரை ஏமாற்றும். அது சொல்கிறபடி வைத்தால் முகங்கள் இருண்டுபோகும். கேமராவைத் தண்ணீருக்கு முதுகு காட்டித் திருப்பி, நிழலில் உள்ள உங்கள் உள்ளங்கையை அளந்து, அது காட்டுவதைவிட ஒரு படி (ஸ்டாப்) குறைவாக வெளிச்சம் விழும்படி வையுங்கள். கறுத்த தோலின் நயம் நிழல் பகுதியில்தான் இருக்கிறது. அது நெகட்டிவில் பதியவில்லை என்றால் பிறகு எந்த வித்தையாலும் கொண்டுவர முடியாது.

ஊர்வலத்துக்கு ஒரே ஒரு அமைப்பு போதும்: ஐஎஸ்ஓ (பிலிமின் ஒளி உணரும் திறன்) 400 பிலிம், நல்ல வெயில், எஃப் 16, 1/500 விநாடி, ஃபோகஸ் 5 மீட்டர். மூன்று மீட்டரிலிருந்து பதினைந்து மீட்டருக்குச் சற்று உள்ளே வரை எல்லாம் தெளிவாக விழும். கண்ணாடியில் உருவம் இடம் வலம் மாறித் தெரிவதால், கரகத்தைப் பின்தொடர்ந்து திருப்பப் பார்த்தால் கை எதிர்ப்பக்கம் போகும். பழகும்வரை, கரகம் வரப்போகும் இடத்தைச் சட்டத்தில் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பதே நல்லது. மூடியின் முன்தகட்டை உள்ளே மடித்து, பின்துளை வழியாக நேராகப் பார்க்கவும் வழி உண்டு. திருவாரூர்த் தேரோட்டம் போன்ற நெரிசலில் கேமராவைத் தலைக்கு மேல் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்து எடுக்கலாம். வடம் பிடிப்பவர்களின் வரிசை முழுதும் கிடைக்கும்.

கிட்டத்தில் ஒரு சிக்கல். மேல் லென்ஸ் பார்ப்பதைக் கீழ் லென்ஸ் சில சென்டிமீட்டர் தாழ்ந்து பார்க்கிறது. ஒரு மீட்டரில், கண்ணாடியில் முழுத்தலை தெரிந்தாலும் படத்தில் உச்சி வெட்டுப்படும். தலைக்கு மேல் தாராளமாக இடம் விடுங்கள். ஒரு மீட்டருக்கும் கிட்டே இது குவியாது. காப்புக் கட்டும் விரல்களை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் இரண்டு லென்ஸுக்கும் மாட்டும் ஜோடி குளோசப் கண்ணாடி தேவை.

ஃபிளாஷ் விஷயத்தில் இது பல டிஜிட்டல் கேமராக்களை மிஞ்சும். இதழ் ஷட்டர் என்பதால் 1/500 வரை எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். உச்சி வெயிலில் தலைப்பாகையின் கீழே இருண்ட முகத்துக்கு: ஐஎஸ்ஓ 100, 1/250, எஃப் 11; மீட்டர் கணக்கில் வழிகாட்டி எண் (ஃபிளாஷின் வலு அளவு) 20 உள்ள சிறு ஃபிளாஷை முழு விசையில் வைத்து இரண்டரை மீட்டரில் நின்றால், நிழல் இயல்பாக நிரம்பும். அருள் வந்து ஆடுபவர் முகத்தில் மட்டும் ஒருபோதும் அடிக்காதீர்கள்.

இரவு வந்தால் கேமராவைப் பையில் வைத்துவிடலாம். யொரூபா ஊர்களின் கெலெடே சடங்கில் எஃபே பாட்டு இரவிலும், முகமூடி ஆட்டம் மறுநாள் பகலிலும் நடக்கும். படமெடுப்பவருக்குப் பகல் பாதியாவது மிஞ்சும். மெலட்டூரின் நாட்டிய நாடகமான பாகவத மேளாவில் அந்த வசதி இல்லை. நரசிம்மர் முகமூடி வெளிப்படுவது விடியலை ஒட்டி. பிலிமை ஐஎஸ்ஓ 1600 என்று வைத்து எடுத்து, கழுவும்போது அதற்கேற்ப நேரம் கூட்டுவதாக வைத்து, எஃப் 3.5, 1/60 வைத்தால் மேடையில் அசையாமல் நிற்பவர் கிடைப்பார்; ஆடுபவர் கிடைக்கமாட்டார். தீமிதியில் தணல் மட்டும்தான் விழும். கூட ஒருவர் டிஜிட்டலோடு இருக்கட்டும். 1931இல் டக்கார் ஜிபூட்டி ஆய்வுப் பயணத்தில் மாலி நாட்டு டோகோன் மக்களின் ஊர்களுக்குப் போன பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் கிரியோல், சடங்குகளைக் கவனிக்கும் வேலையைக் குழுவாகவே பிரித்துக்கொண்டார். ஒருவர் ஒரு பக்கத்தைத்தான் பார்க்க முடியும்.

பிலிம் கழுவுவதில் நம் ஊர் வெப்பம்தான் எதிரி. ஹெச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிமை, டி-76 என்ற டெவலப்பர் கரைசலில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து 20 டிகிரியில் 11 நிமிடம் கழுவ வேண்டும். ஒரு ரோலுக்கு 500 மி.லி. சித்திரையில் குழாய்த் தண்ணீரே 30 டிகிரி இருக்கும். அதில் நேரம் மிகவும் சுருங்கி, வானம் திட்டுத்திட்டாக வரும். பூச்சும் இளகிக் கீறல் வாங்கும். டெவலப்பர், ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் மூன்றையும் ஐஸ் போட்ட அகலமான பாத்திரத்தில் நிறுத்தி ஒரே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். நாகை பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். கடைசி அலசலுக்கு பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேமராவைத் தோல்பையில் வைத்தால் பூஞ்சை நிச்சயம். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் வெளிறி ரோஸ் நிறமானால் சூடாக்கி மறுபடி போடலாம்.

கேமராவுக்குக் கொடுக்கும் அக்கறையில் பாதியைக் குறிப்பேட்டுக்குக் கொடுக்காதவர் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வோம். செனகல் நாட்டு டக்கார் நகரில் இருந்த ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனத்தின் உதவித்தொகையில் வெர்ஜே ஆப்பிரிக்கா போனபோது, சுமார் 2000 நெகட்டிவ்களைக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தார். நிறுவனத்தின் தலைவர் தியோடோர் மோனோ, பார்த்ததை எழுதிக் கொடுக்கவும் கேட்டார். அங்கிருந்துதான் அவர் ஆய்வாளரானார். 1966இல் பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 12 படம் முடிந்து ரோல் மாற்றும் அந்த இடைவெளிதான் எழுதும் நேரம்: ரோல் எண், தேதி, ஊர், தெரு, சடங்கை அந்த ஊரார் சொல்லும் பெயர், யார் வீட்டு மண்டகப்படி, படத்தில் இருப்பவர் பெயர், அவர் இன்னாருக்கு இன்ன உறவு.

பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். பிரிட்டிஷ் மானுடவியலாளர் நார்த்கோட் தாமஸ் 1909 முதல் 1915 வரை நைஜீரியாவிலும் சியரா லியோனிலும் காலனி அரசுக்காகக் கண்ணாடித் தட்டுகளில் படமெடுத்தார். பல முகங்களின் பக்கத்தில் எண் எழுதிய அட்டையை வைத்தே எடுத்தார். மனிதரை வகைப்படுத்தும் அந்தப் பார்வை இன்று மனத்தை உறுத்துகிறது. ஆனாலும் நூறாண்டு கழித்து அந்தப் படங்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனபோது, தங்கள் முன்னோரின் முகத்தை அடையாளம் கண்டவர்கள் இருந்தார்கள்.

ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் 5க்கு 5 அங்குலத்தில் ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள். பின்பக்கம் ரோல் எண்ணையும் நெகட்டிவ் எண்ணையும் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தம் முன்பக்கம் தடம் போடும். நெகட்டிவைப் போடும் உறையிலும் அதே எண் இருக்கட்டும்.