துணி டயபரோடு 20 மாதங்கள்

மகளுக்கு இப்போது ஒரு வயது எட்டு மாதம். முதல் இரண்டு மாதம் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து அம்மா கட்டிவிட்ட முக்கோணத் துணிதான். மூன்றாம் மாதம் தொடை கொஞ்சம் சதை போட்டதும் பட்டன் வைத்த துணி டயபருக்கு மாறினோம். பிறந்த குழந்தைக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்தாலும், ஒல்லித் தொடையில் இடைவெளி விழுந்து கசியும்.

முதலில் மூன்றுதான் வாங்கினேன். முதல் நாளே ஒரு மணி நேரத்தில் பாவாடை நனைந்துவிட்டது. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன். அம்மா உள்ளே வைக்கும் பருத்திப் பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புதுத் துணி தண்ணி குடிக்காதுடி, நாலஞ்சு தரம் அலசிக் காயவச்சுப் போடு" என்றார். புதுப் பருத்தியில் இயற்கையாக இருக்கும் எண்ணெய்ப் பசை போனால்தான் ஈரம் பிடிக்கும். ஆறு முறை துவைத்த பிறகு அதே பட்டை மூன்று மணி நேரம் தாங்கியது. அப்புறம்தான் இன்னும் ஏழு வாங்கினேன்.

மாட்டும்போது எலாஸ்டிக் தொடையிடுக்கில் உட்கார வேண்டும், பட்டையின் நுனி வெளியே தெரியக்கூடாது. மைக்ரோஃபைபர் (மெல்லிய செயற்கை இழை) பட்டையைத் தோலில் படும்படி வைக்காதீர்கள், தோலின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும்.

என்னை உண்மையில் சோதித்தது சலவைதான். எங்கள் வீட்டில் போர் தண்ணீர், உப்பு அதிகம். நான்காம் மாதம் பட்டைகள் அட்டை மாதிரி விறைத்தன. நனைந்ததும் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை. உப்புத் தண்ணீரில் சோப்பு முழுதாக வேலை செய்யாமல் துணியிலேயே படிந்துவிடுகிறது, சிறுநீரும் முழுதாகப் போவதில்லை. போதாததற்கு வாசனைக்காக நான் ஃபேப்ரிக் கண்டிஷனர் வேறு ஊற்றிக்கொண்டிருந்தேன். அது நூலின் மேல் படலம் போட்டு உறிஞ்சவே விடாது. அதை நிறுத்தினேன். மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீரைச் சூடாக்கிப் பட்டைகளை மட்டும் ஊறவைத்து, நுரை வருவது நிற்கும் வரைக்கும் அலசினேன். வாடை போய்விட்டது. இப்போது கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் அலசல், ஒன்று விட்டு ஒரு நாள் மெஷினில் 40 டிகிரி, கடைசியில் கூடுதலாக ஓர் அலசல். வெளி உறை நிழலில், பட்டை நல்ல வெயிலில். மஞ்சள் கறையை வெயிலே எடுத்துவிடும்.

நவம்பர் மழையில் தடிமனாகத் தைத்த பட்டை இரண்டு நாள் ஆகியும் காயவில்லை. மடித்து வைக்கும் மெல்லிய துணி, மின்விசிறிக் காற்றிலேயே ஒரு ராத்திரியில் காய்ந்தது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் இந்த மடிக்கும் வகையையே வாங்குங்கள் என்பேன். படம் போட்ட அழகான உறைகளைவிட இதுதான் கைகொடுக்கும்.

ராத்திரிக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் கடை டயபர்தான் போடுகிறோம். நான் தூங்க வேண்டுமே.

பத்து உறைகளில் இரண்டுக்கு எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது. தெருமுனைத் தையல்காரர் மாற்றிக் கொடுத்தார். மார்ச்சில் தங்கைக்குப் பிரசவம். நன்றாக இருக்கும் மூன்று உறைகளைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன், மிச்சமிருக்கும் வேட்டித் துணிகளோடு.