புகாட்டி 35-ஐ எதில் கட்டுவது: தகடா, மரமா, பிரிண்டரா?

பழைய பந்தயக் கார் ஒன்றின் சின்ன மாதிரியை, பெட்டியில் வரும் கிட் வாங்காமல், வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அடியிலிருந்து கட்டப்போகிறவர் முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கும். எந்தக் கார்? எதில் கட்டுவது? முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருக்கும், அதில் சண்டை இல்லை. காசும் நாளும் கரைவது இரண்டாவதில்தான். வெளிநாட்டுக்காரர்கள் செய்துகாட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அவர்கள் கையில் இருக்கும் அதே பிளாஸ்டிக் ஷீட்டையும் அதே பித்தளைக் குழாயையும் தேடி அலைவதில் பாதி ஆர்வம் வடிந்துவிடும்.

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள். (கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்ப வந்துவிட்டார், கேலி மட்டும் போகவில்லை.) ஹாபி கடை இல்லாத பஜார் என்று அந்த வரிசையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆஃப்செட் அச்சகம் இருக்கிறது, நகைப் பத்தர் இருக்கிறார், டிங்கரிங் பட்டறை இருக்கிறது, காட்பாடிப் பக்கம் 3டி பிரிண்டர் வைத்திருக்கும் கல்லூரிப் பையன்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்த ஒப்பீடு முழுக்க இங்கே கைக்கு எட்டுவதை வைத்துத்தான்.

எடுத்துக்கொண்ட கார் பிரான்சின் புகாட்டி டைப் 35. 1924-இல் லியோனில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் முதலில் ஓடியது. 1929-இல் முதல் மொனாக்கோ பந்தயத்தை ஜெயித்ததும் இதன் 35பி வகைதான். மனசளவில் எனக்கு மாசராட்டி 250எஃப் மீதுதான் ஆசை அதிகம். 1957-இல் ஜெர்மனியின் நூர்பர்கிரிங் பந்தயத் தடத்தில் அர்ஜென்டினா ஓட்டுநர் ஃபாஞ்சியோ ஜெயித்தாரே, அந்தக் கார். ஆனால் அதன் உடல் எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டு திசையிலும் வளையும், போதாததற்குக் கம்பிச் சக்கரம் வேறு. புகாட்டியின் பானெட்டும் பக்கத் தகடுகளும் பெரும்பாலும் ஒரே திசையில்தான் வளைகின்றன. முரண்டு பிடிப்பது கூர்மையான வால் பகுதி மட்டும். சக்கரத்தில் கம்பியே கிடையாது. எட்டுத் தட்டை ஆரங்களும் பிரேக் டிரம்மும் ஒன்றாகச் சேர்த்து அலுமினியத்தில் வார்த்தது.

சென்னைக்கு அருகே நம் சோழவரம் விமான ஓடுபாதையில் அந்த நாளில் பந்தயம் ஓடிய கார்களில் ஒன்றைக் கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கட்டலாம்தான், அளவு போட்ட வரைபடம் கையில் இருந்தால். டைப் 35-க்கு நாலு பக்கமிருந்தும் பார்த்து வரைந்த வரைபடமும், போல்ட் போல்ட்டாக எடுத்த படங்களும் தேடினால் கிடைக்கின்றன.

அளவு 1/12. நிஜக் காரில் முன் பின் அச்சுகளுக்கு இடையே 2400 மி.மீ., நம்மிடம் சரியாக 200. மனக்கணக்கிலேயே ஓட்டிவிடலாம். 1/24 என்றால் மீட்டர் முள்ளெல்லாம் கண்ணில் படாது. 1/8 பார்க்க அழகு, ஆனால் வீட்டில் அலமாரிக்காகச் சண்டை வரும்.

இனி பொருளுக்கு வருவோம். மரத்தை முதலில் பேசி முடித்துவிடலாம். சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் கடையும் வெட்பாலை மாதிரி வெளிர் நிறம், நெருங்கிய இழை, முடிச்சில்லாத மரம் கிடைத்தால் அதைவிட இணக்கமான பொருள் வேறில்லை. உளியும் அரமும் உப்புத்தாளும் போதும். வால் பகுதியின் வளைவைக் கையால் தடவித் தடவியே சரிபார்த்துவிடலாம். ஆனால் மரத்தில் செதுக்கிய கார், கார் வடிவக் கட்டைதான். பானெட்டைத் திறந்தால் உள்ளே எஞ்சின் இருக்காது. பக்கவாட்டில் வரிசையாக நிற்கும் காற்றுப் பிளவுகளைச் செதுக்கவும் முடியாது, ஒட்டினாலும் ஒட்டியதாகவே தெரியும். ஓட்டுநர் உட்காரும் இடத்தின் விளிம்பு மெலிந்து தெரிய வேண்டும், மரத்தை அவ்வளவு மெலிய வைத்தால் உடையும். எத்தனை கோட் பட்டி பார்த்தாலும் ஒரு மழைக்காலம் போனதும் இழை மேலே எழுந்து பெயிண்டில் கோடு காட்டும். ஆகவே மரம் வேண்டும், ஆனால் அச்சாக மட்டும். அதன் மேல் வைத்துத் தகட்டை உருவாக்கிவிட்டு உருவியெடுத்துவிட வேண்டும்.

தகடு என்றதும் எல்லோரும் பித்தளைக்குத்தான் போவார்கள். எனக்குப் பிடித்தது அச்சகத்தில் கழித்துப்போடும் ஆஃப்செட் பிளேட். கல்யாணப் பத்திரிகையோ கட்சி நோட்டீஸோ அடித்து முடித்த பிளேட்டுகளை எடைக்குப் போடுவார்கள், கேட்டால் அச்சகத்திலேயே கொடுப்பார்கள். சுத்த அலுமினியத்துக்கு மிக நெருக்கமான உலோகம். சின்ன மெஷின்களில் 0.15 மி.மீ., பெரியவற்றில் 0.3 மி.மீ. கனத்தில் வரும். 0.15-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 1.8 மி.மீ., அதாவது அந்தக் காலப் பந்தயக் காரின் உடல் தகடு ஏறக்குறைய எவ்வளவு கனமோ அவ்வளவு. விளிம்பைப் பார்க்கிற கண்ணுக்கு இந்த ஒன்றே போதும். இன்னொரு வசதியும் உண்டு. அச்சான பக்கம் லேசாகச் சொரசொரப்பாக இருக்கும், அரால்டைட் பசை அதில் நன்றாகப் பிடிக்கும். பின்பக்கம் வழவழப்பு, அது வெளியே வரட்டும்.

வந்த நிலையில் தகடு விறைப்பாக இருக்கும், அப்படியே வளைத்தால் மடிப்பு விழும். இளக்க வேண்டும். அலுமினியம் சூட்டில் நிறம் மாறாது, சிவப்பதற்கு முன்பே உருகி ஓடிவிடும் என்பதுதான் இதில் சிக்கல். அதற்கு சோப்பு. துணி சோப்பைத் தகட்டில் தேய்த்து, கேஸ் அடுப்புச் சுடருக்கு மேலே ஆட்டிக்கொண்டே காட்ட வேண்டும். சோப்புத் தடம் கரும்பழுப்பானதும் எடுத்துவிடலாம். ஆறிய பிறகு அந்தத் தகடு விரல் சொன்னபடி கேட்கும். வளைக்க வளைக்க மறுபடி விறைக்கும், மறுபடி சோப்பு, மறுபடி அடுப்பு.

எப்படித் தட்டுவது என்று கேட்க, எனக்குத் தெரிந்த டிங்கரிங் மேஸ்திரி ஒருவரிடம் போனேன். தகட்டை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ மெல்லிசா இருந்தா சுத்தியலே எடுக்காதீங்க சார். இது தட்ற வேலை இல்ல, தேய்க்கிற வேலை," என்றார். அதுதான் சரி. மர அச்சின் மேல் தகட்டை வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் தேய்த்துக்கொண்டே போனால், கொழுக்கட்டை மாவு அச்சில் படிவது போலப் படிந்துவிடும். வாலை மட்டும் இடது, வலது என இரண்டு பாதியாகச் செய்து நடுக்கோட்டில் சேர்க்க வேண்டியிருக்கும்.

தகடு மற்ற எதையும் பக்கத்தில் அண்டவிடாத இடம் பானெட்டின் காற்றுப் பிளவுகள். கட்டியான பித்தளைப் பட்டையில் ஒரு பள்ளம் அரிந்துகொள்ள வேண்டும், அதன் ஒரு கரை கூர்மை, மறு கரை உருண்டை. தகட்டை அதன் மேல் வைத்து, முனை தீட்டிய சின்ன உளியால் பின்னாலிருந்து அழுத்தினால் கூர்மையான பக்கம் வெட்டுப்படும், உருண்டைப் பக்கம் இழுபட்டு மேடாக எழும். ஒரே அழுத்தில் நிஜப் பிளவு. உள்ளே காற்று போகும், விளக்கைப் பிடித்தால் எஞ்சின் தெரியும். இடைவெளி மட்டும் பிசகக்கூடாது, ஒன்று கோணினாலும் வரிசை முழுக்கக் கோணலாகத் தெரியும். டாஷ்போர்டும் இப்படித்தான். நிஜக் காரில் அலுமினியத்தின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டபடி மினுங்கும். மூங்கில் குச்சியின் நுனியில் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைத் தொட்டு, டிரில்லில் மாட்டி, வரிசையாக ஒற்றிக்கொண்டே போனால் அதே மினுக்கம். மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் இதை வரைந்து ஏமாற்றத்தான் முடியும்.

அப்படியானால் பித்தளை எதற்கு? அலுமினியத்தில் ஈயப் பற்று பிடிக்காது, அதற்கு. சேசிஸ் பட்டைகள், ஸ்பிரிங் தாங்கிகள், குழாய்கள் எல்லாம் பித்தளைதான். முக்கியமாக முன் அச்சு. டைப் 35-இல் பட்டை ஸ்பிரிங் அச்சுக்கு மேலேயோ கீழேயோ உட்காராது, அச்சில் இருக்கும் சதுரத் துளை வழியாக நுழைந்து போகும். பித்தளைத் தண்டில் துளை போட்டு, கடிகார வேலைக்கான சின்ன அரத்தால் சதுரமாக்கி, நிக்கல் முலாம் போட்டுவிட்டால், அந்த ஒரு பாகத்தைப் பார்த்தே கார் இன்னதென்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். அருகருகே இரண்டு பற்று வைக்கும்போது முதலில் வைத்தது இளகி விழுந்துவிடும் என்ற தொல்லைக்கு நகைப் பத்தரிடம் தீர்வு இருக்கிறது. முதல் பற்றை வெங்காரம் போட்டு வெள்ளிப் பொடியில் ஊதிக்கொடுக்கச் சொல்லுங்கள், அடுத்ததைச் சாதாரண ஈயத்தில் வையுங்கள். ஸ்ரீபுரத்தில் செம்புத் தகட்டின் மேல் பொன் தகடு போர்த்திக் கோயிலே எழுப்பியிருக்கும் ஊர்ப்பக்கம் இது, தகடு வேலைக்கு ஆள் தேடி ரொம்ப அலைய வேண்டியதில்லை.

பிரிண்டருக்கு வருவோம். உட்கார்ந்த இடத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்பது அதன் கவர்ச்சி. உடலைப் பிரிண்டரில் எடுப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நூல் மாதிரிப் பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கும் பிரிண்டரில் ஒரு மி.மீ. சுவர் போட்டால்தான் நிற்கும். அது நிஜத்தில் 12 மி.மீ., பீரங்கி வண்டிக் கனம். அடுக்குக் கோடுகளைத் தேய்த்து மறைக்கும் நேரத்தில் தகட்டையே வளைத்து முடித்திருக்கலாம். அதற்கும் மேலே வெயில் இருக்கிறது. சாதாரணமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். சென்னைக்குக் கண்காட்சிக்கு எடுத்துப்போகிறேன் என்று பின் சீட்டில் வைத்துவிட்டு நடுவழியில் சாப்பிட இறங்கினால், திரும்பி வரும்போது வால் தொங்கிப்போயிருக்கும். திரவப் பிளாஸ்டிக்கை ஒளியால் இறுக்கும் ரெசின் பிரிண்டரில் கோடு தெரியாது, நுணுக்கம் அபாரம், ஆனால் மெல்லிய பாகங்கள் காலப்போக்கில் நொறுங்கும் குணம் கொண்டவை. அதில் முன் அச்சைப் போட்டால் கார் சொந்த எடையிலேயே ஒரு நாள் முழங்காலிடும்.

ஆனால் சக்கரத்தில் பிரிண்டருக்குத்தான் முதல் பரிசு, யோசிக்கவே வேண்டாம். எட்டு ஆரமும் டிரம்மும் சேர்ந்த அந்த வடிவத்தை லேத்திலும் அரத்திலும் ஒன்று செய்யலாம். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தும் ஒரே மாதிரி வர வேண்டுமென்றால் மனிதக் கைக்கு அது தண்டனை. ரெசினில் ஐந்தும் அச்சு அசலாக வரும். நிஜச் சக்கரமும் மணலில் வார்த்தது என்பதால் மேற்பரப்பு மங்கலாக இருப்பதே பொருத்தம். பிரைமர் அடித்து அலுமினியப் பெயிண்ட் ஒரு கோட், முடிந்தது. டயருக்குப் பிரிண்டர் தேவையில்லை. அந்தக் காலத்து டயர் ஒல்லி, வெட்டுமுகம் உருண்டை. பேரிங், ஆயில் சீல் விற்கும் கடையில் ஏறத்தாழ 6 செ.மீ. வெளிவிட்டமும் 7 மி.மீ. கனமும் உள்ள ஓ-ரிங் கேளுங்கள், கச்சிதமாக உட்காரும்.

பிளாஸ்டிக் ஷீட்டை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இறக்குமதி ஸ்டைரீன் ஷீட் விற்கும் விலைக்கு இங்கே யாரும் வெட்டிப் பழக முடியாது. பேனர் கடையில் மீந்த ஃபோம் போர்டில் முதலில் ஒரு மாதிரி வெட்டி ஒட்டி, அளவெல்லாம் சரியா என்று பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அதற்கு வேலையில்லை.

சீட்டுக்குத் தோல் வேண்டாம் என்று சொன்னால் இந்தப் பக்கத்தில் அடிக்க வருவார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் ஊர்கள். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனால் எவ்வளவு மெல்லிசாகச் சீவினாலும் தோலின் மேலுள்ள புள்ளி சுருங்காது. 1/12-இல் அது முதலைத் தோல் மாதிரித் தெரியும். எம்-சீலைப் பிசைந்து, ஈரக் கையால் சீட் வடிவமாக்கி, ஊசியால் தையல் கோடு இழுத்து, பழுப்பு அடித்தால் நிஜத் தோலைவிடத் தோலாக இருக்கும். தோல் தேவைப்படுவது பானெட்டைச் சுற்றிக் கட்டும் வாருக்கு மட்டும். அதற்கு ஆட்டுத்தோலின் உள்பக்கத்தைச் சீவி, மேல்பக்கம் உள்ளே போகும்படி கட்டுங்கள்.

பெயிண்டுக்கு கார் டச்சப் செய்யும் கடைதான் நல்லது, பிரான்சின் பந்தய நீலத்தைக் கண்ணெதிரே கலந்து தருவார்கள். சிறிய பொருளில் எந்த நிறமும் ஒரு படி கருப்பாகத் தெரியும், எனவே கொஞ்சம் வெளிறியே கலக்கச் சொல்லுங்கள். அலுமினியத்துக்கு, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் கட்டாயம், இல்லாவிட்டால் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது நீலமும் கூடவே வரும். பெயிண்டரிடம் கொடுக்கும் முன் டாஷ்போர்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கொண்டுபோனால் அதற்கும் சேர்த்து இரண்டு கோட் நீலம் அடித்து, "ஃப்ரீயாவே அடிச்சிட்டேன் சார்" என்று சந்தோஷமாகக் கொடுப்பார்.