ஷானனின் இரண்டாவது பாட்டு

இருபது வருஷமாகக் கல்யாணக் கச்சேரிகளில் ரிதம் பேட், அதாவது குச்சியால் தட்டுகிற எலக்ட்ரானிக் டிரம், வாசிக்கிறேன். எந்தப் பாட்டு போட்டாலும் என் காது முதலில் கிக் என்கிற கனத்த டிரம் அடியையும் ஸ்னேர் என்கிற சுள்ளென்ற அடியையும்தான் தேடும், குரல் அப்புறம். அமெரிக்கப் பாடகி ஷானனின் ‘லெட் த மியூசிக் ப்ளே’ அப்படித்தான் பழக்கமானது. 1983இல் நியூயார்க்கில் வெளியாகி, அடுத்த வருஷத் தொடக்கத்தில் அமெரிக்க ஹிட் பாட்டுகளின் பட்டியலான பில்போர்டு ஹாட் 100இல் எட்டாம் இடம் வரை ஏறிய பாட்டு. எண்பதுகளின் டான்ஸ் தொகுப்பு எதைத் திறந்தாலும் இருக்கும். அதன் பிறகு அவர் பாடிய 1984இன் ‘கிவ் மீ டுநைட்’, 1985இன் ‘டூ யூ வானா கெட் அவே’ இரண்டையும்தான் யாரும் சீண்டுவதில்லை. போன மாதம் இரண்டுக்கும் பழைய பன்னிரண்டு அங்குல இசைத்தட்டுகளை ஆன்லைனில் வரவழைத்தேன்.

‘புதுசு மாதிரி’ என்று போட்டிருந்தார்கள். வந்ததில் ஒன்று அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது, ஊசி அதன்மேல் படகு போல ஏறி இறங்குகிறது. சண்டை போட்டுப் பாதிப் பணம் வாங்கினேன். நல்லவேளை, நெளிந்தது ‘டூ யூ வானா கெட் அவே’. அது சாதாரணமான பாட்டுதான். கோரஸ் ஒட்டிக்கொள்ளும், மற்றபடி ஒருமுறை கேட்டால் போதும்.

‘கிவ் மீ டுநைட்’ அப்படியில்லை. முதல் ஹிட்டைத் தயாரித்த மார்க் லிகெட், கிறிஸ் பார்போசா கூட்டணியேதான் இதற்கும். முதல் பாட்டில் அவர்கள் செய்த வேலையைச் சொல்லியாக வேண்டும். ஆக்டோபேட் என்கிற எங்கள் ரிதம் பேடைச் செய்யும் அதே ரோலண்ட் கம்பெனியின் டிஆர்-808 டிரம் மெஷின். அதன் கிக், ஸ்னேருக்கு ரிவெர்ப் ஏற்றி, அந்த எதிரொலி பரவுவதற்குள் ‘கேட்’ என்கிற, சத்தத்தைச் சட்டென்று அடைக்கும் கருவியைப் போட்டு வெட்டிவிட்டார்கள். கோயில் மண்டபத்தில் கை தட்டிய மறுநொடி கதவைச் சாத்தின மாதிரி ஒரு சத்தம். நியூயார்க், மயாமி லத்தீன் பிள்ளைகள் கொண்டாடிய ‘ஃப்ரீஸ்டைல்’ என்கிற டான்ஸ் இசைப் பாணியே இந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்ததுதான்.

இரண்டாவது பாட்டிலும் கிக் நேராக நாலு தட்டு விழாது. தடுக்கித் தடுக்கி விழும், விழுந்த இடத்திலிருந்தே அடுத்த அடி கிளம்பும். அதன்மேல் ஷானன் சரணங்களில் கத்தாமல், கீழ்க்குரலில், ஏறக்குறைய பேசுகிற மாதிரிப் பாடுகிறார். ‘இன்றிரவை மட்டும் எனக்குக் கொடு’ என்று கேட்கிற பாட்டு. கெஞ்சல் இல்லை, பேரம் பேசுகிற தெம்பு இருக்கிறது. முதல் ஹிட்டின் பெயர்வரியைப் பாடுவது ஜிமி டன்னல் என்ற ஆண் குரல் என்பது பலருக்குத் தெரியாது. கோரஸ்காரன் பெயரை எந்த ஊரிலும் யாரும் சொல்வதில்லை, அது தனிக்கதை. ஷானனைக் கேட்க வேண்டுமானால் இரண்டாவது பாட்டின் சரணங்களுக்கு வாருங்கள்.

இத்தனைக்கும் கிளப்புகளில் ஆடியவர்கள் இதை விடவில்லை. பில்போர்டின் டான்ஸ் பட்டியலில் முதலிடம். ஹாட் 100இல்தான் 46இலேயே நின்றுவிட்டது. ஆடுகிறவன் காலுக்குப் பிடித்தது ரேடியோக்காரன் காதில் ஏறவில்லை.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். ஸ்ட்ரீமிங்கில் ஷானன் பாட்டுகளைத் தேடினால், பிற்பாடு மறுபடி பாடிப் பதிந்தவையும் வரும். அவற்றில் டிரம்ஸ் வழவழவென்று இருக்கும், கதவு சாத்துகிற அந்தச் சத்தம் இருக்காது. பழைய பதிவுதானா என்று பார்த்துக்கொண்டு ப்ளே பண்ணுங்கள். தட்டே வேண்டுமென்றால், வெளிச்சத்தில் சாய்த்து எடுத்த படம் அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் போடுங்கள்.

நேற்று ரிகர்சலில் டீக்கு ஆள் போயிருந்தபோது அந்தக் கிக்கைப் பேடில் வாசித்துப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் கீபோர்டு தம்பி தானாகவே பேஸ் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, நல்லாருக்கே, எந்தப் படம்?”

“படமெல்லாம் இல்லடா, நிறுத்தாம வாசி.”