கலியாண வீடியோவுக்கு டிஸ்க், அம்மாவின் படத்துக்குக் கிளவுட்

கிளிநொச்சியில் ஸ்ரூடியோ நடத்துபவனுக்குக் கலியாண வீடு, சாமத்திய வீட்டுக்கு அடுத்தபடியாக வரும் வேலை பழைய படம் திருத்துவது. போன மாதம் விசுவமடுவிலிருந்து ஓர் அம்மா வந்தார். பொலித்தீன் பையை விரித்து, நாலாக மடிந்து கோடு விழுந்த படமொன்றை மேசையில் வைத்தார். "தம்பி, அல்பம் முழுக்கப் போட்டுது. இதொண்டுதான் மிஞ்சினது. மனுசன்ரை முகம் தெரியிற மாதிரி எடுத்துத் தாங்கோ." 2009 இல் பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடிய அல்பங்கள், மண்ணில் புதைத்துவிட்டுப் போய் மீள்குடியேறித் தோண்டியபோது கூழாகிக் கிடந்த அல்பங்கள் என்று வன்னியில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு.

ஆறுக்கு நாலு அங்குலப் படம். 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியாக ஸ்கான் செய்து, அமுக்காமல் சேமித்தேன்: 26 மெகாபைட். அதே கணினியில் அன்று காலை பரந்தனில் எடுத்த கலியாண வீடும் கிடந்தது. செக்கனுக்கு 100 மெகாபிட்டில் பதியும் 4கே கமரா ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைட் எடுக்கும். இரண்டு கமரா, பொன்னுருக்கல் தொடங்கி வரவேற்பு வரை என்றால் 250 ஜிகாபைட் சர்வசாதாரணம். தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் "அண்ணை, கிளவுட் நல்லதோ, ஹார்ட் டிஸ்க் நல்லதோ?" என்று கேட்கிறார்கள். கிளவுட் என்பது பைலை இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கணினிகளில் வைப்பது. எந்தப் பைலை வைக்கப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் என்னால் பதில் சொல்ல ஏலாது.

முதலில் நேரக் கணக்கு. என் கடையின் 4ஜி ரவுட்டரில் மேலேற்றும் வேகம் நல்ல நேரத்தில் 8 மெகாபிட், அதாவது செக்கனுக்கு ஒரு மெகாபைட். அந்தப் பரந்தன் கலியாணத்தை ஏற்ற 69 மணித்தியாலம் வேண்டும். மூன்று பகல், மூன்று இரவு. ஒரு டெராபைட் என்றால் பதினொன்றரை நாள். நடுவில் கரண்ட் போவதும் மழைக்குச் சிக்னல் விழுவதும் தனிக்கணக்கு. யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கோ செக்கனுக்கு 100 மெகாபைட் அளவில் எழுதும். அதே கலியாணம் 42 நிமிடத்தில் முடிந்துவிடும். மாத டேட்டாவைத் தொடாமல், நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் இரவு டேட்டாவில் ஏற்றிப் பார்த்தேன். ஏழு மணித்தியாலத்தில் 25 ஜிகாபைட் போனது. ஒரு கலியாணத்துக்குப் பத்து இரவு. ஆவணியில் கிழமைக்கு மூன்று கலியாணம் வரும்போது அந்த வரிசை ஒருநாளும் தீராது.

ஃபைபர் வந்த வீதியில் கடை இருந்தால் கணக்கு மாறும். 50 மெகாபிட் மேலேறினால் அதே 250 ஜிகாபைட் 11 மணித்தியாலத்தில் போய்விடும். ஒட்டுசுட்டான், மல்லாவிப் பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் இணைப்பின் மேலேற்றும் வேகத்தை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விளம்பரங்களில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் இறக்கும் வேகத்தை.

ஆக, பெரிய வீடியோவுக்கு டிஸ்க்தான். ஆனால் டிஸ்க்கை நம்பி நான் பட்டதையும் சொல்ல வேண்டும். சுழலும் தட்டுக்கு மேலே, மயிரிழையை விடப் பல மடங்கு சின்ன இடைவெளியில்தான் எழுதும் முனை மிதக்கிறது. நின்றிருக்கும் டிஸ்க் ஓரளவு அடி தாங்கும். ஓடிக்கொண்டிருப்பது தாங்காது. மேசை ஓரத்தில் நான் வைத்த டிஸ்க்கின் வயரில் உதவிக்கு நின்ற பெடியனின் கால் பட்டது. விழுந்தது இரண்டு அடிதான். பிறகு டிக், டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. ஒரு சாமத்திய வீட்டின் ஒரே கொப்பி அதற்குள் இருந்தது. கொழும்புக்கு அனுப்பியும் பாதிதான் மீண்டது. பிழை என்னுடையது, ஒரு கொப்பியோடு விட்டது நான். அந்தப் பிள்ளையின் தாயிடம் போய்ச் சொன்ன பின்னேரம் இன்னும் நெஞ்சுக்குள் நிற்கிறது.

விழாவிட்டாலும் எங்கள் ஊர் டிஸ்க்குக்கு இலேசான ஊரில்லை. தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரை வெக்கை. சோளகக் காற்றுத் தொடங்கினால் கடைக்குள் செம்மண் தூசி. ஐப்பசி இடிமுழக்கத்துக்குச் சுவரில் சொருகியிருப்பது எதுவும் தப்பும் என்று நம்ப ஏலாது. கிளவுட் சேமிப்பு நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் தான் பாவிக்கும் டிஸ்க்குகளில் எத்தனை பழுதாகின்றன என்று தொடர்ந்து வெளியிடுகிறது. 2024 இல் அது 1.57 வீதம். குளிரூட்டிய மண்டபத்தில் ஓடும் டிஸ்க்குகளின் கணக்கு அது. என் கடைக்கு அதை அப்படியே எடுக்கமாட்டேன். கொப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைக்கற்றோடு காற்றுப்புகாத டப்பாவில் போடுவேன். கழற்றி வைத்த டிஸ்க்கை இடியும் தொடாது, கணினிக்குள் புகுந்து பைல்களைப் பூட்டும் ரான்சம்வேரும் தொடாது. சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி அடிக்குத் தாங்கும், வேகமும் கூட. ஆனால் மின்சாரம் கொடுக்காமல் வெக்கையில் வருடக்கணக்காக விட்டால் அதன் பதிவு மங்கக்கூடும், விலையும் கூட. எடிட்டிங்குக்கு அதைப் பாவியுங்கள், அலுமாரியில் வைக்க வேண்டாம்.

இரண்டு டிஸ்க்கில் போட்டு இரண்டையும் ஒரே அலுமாரியில் வைத்தால் அதை நான் ஒரு கொப்பி என்றுதான் எண்ணுவேன். 2018 டிசம்பர் 21, 22 இல் பெய்த மழையில் இரணைமடுக் குளம் நிரம்பி, வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் வெள்ளம் வந்ததே. ஒரே இடத்தில் எத்தனை டிஸ்க் இருந்தாலும் அந்தத் தண்ணீருக்கு ஒன்றுதான். இப்போது என் இரண்டாவது டிஸ்க் வவுனியாவில் அக்கா வீட்டில். கண்டி வீதியால் எண்பது கிலோமீட்டர் அளவு. மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய், புதியதைக் கொடுத்துப் பழையதை எடுத்து வருவேன். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் இரண்டு டெராபைட் என் மடியில் போகிறது. என் ரவுட்டருக்கு அது மூன்று கிழமைக்கு மேல்.

கிளவுட் எல்லாவற்றையும் காக்கும் என்ற எண்ணமும் எனக்கில்லை. 2025 செப்டம்பர் 26 இல் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தரவு நிலையம் ஒன்று தீப்பிடித்தது. அரச ஊழியர்கள் பைல்களை வைத்திருந்த ஜி-டிரைவ் எரிந்து 858 டெராபைட் போனது. அளவு மிகப் பெரிதென்று வெளியே வேறு கொப்பி எடுக்காமல் விட்டிருந்தார்கள். பெரிய பைல் வைத்திருக்கும் எங்கள் எல்லாருக்கும் இதே காரணம்தான் வாயில் வரும்.

அதைவிட அடிக்கடி நடக்கும் ஆபத்து சிங்க். கணினியின் கோப்புறையும் கிளவுட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு இல்லை. ஆகவே சிங்க் செய்வதைப் பேக்கப் என்று எண்ண வேண்டாம். கொப்பியைத் தனியாக ஏற்றி, ஏற்றியதை இறக்கித் திறந்தும் பாருங்கள்.

காசு விஷயம். இரண்டு டெராபைட் கூகுள் இடம் அமெரிக்க விலையில் மாதம் 9.99 டொலர், வருடம் 120 டொலர் அளவு. நான் கடைசியாக டிஸ்க் வாங்கியபோது அந்தக் காசுக்கு அதே கொள்ளளவில் ஒன்று வந்தது, வருடா வருடம் கட்டவும் தேவையில்லை. டொலரில் கட்டுவதென்றால் என்ன என்பதை 2022 காட்டியது: வருடத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. என் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கட்டணமும் போகாமல் நின்றது. கட்டணம் நின்ற கணக்கில் கிடப்பது எங்கள் சொத்தா என்று அந்த நாட்களில் நித்திரையில்லாமல் யோசித்தேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் கிளவுட்டை விடவில்லை? அந்த 26 மெகாபைட்டுக்காக. அப்படி 500 படம் சேர்ந்தாலும் 13 ஜிகாபைட்தான். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட்டுக்குள் அடங்கும், ஜிமெயிலில் குப்பை சேராமல் பார்த்துக்கொண்டால். கலியாண வீடியோ தொலைந்தால் பெரிய கவலை. ஆனாலும் மாப்பிள்ளை பொம்பிளை இருக்கிறார்கள், சொந்தக்காரரின் போன்களிலும் நூறு படம் இருக்கும். விசுவமடு அம்மாவின் கணவருடைய முகம் இந்த உலகத்தில் ஒரே ஒரு மடிந்த தாளில் இருந்தது. அது வன்னியை விட்டு வெளியேயும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் ஏறிவிட்டது. ரொறன்ரோவிலிருக்கும் அவரின் மகளுக்கு அன்றிரவே லிங்கும் போனது. முடித்த கலியாண வீடியோவின் சின்ன வடிவத்தையும் தெரிந்தெடுத்த படங்களையும் இப்படியே கிளவுட்டில் போடுகிறேன். வெட்டாத 250 ஜிகாபைட் டிஸ்க்குகளில் மட்டும்.

கிளவுட்டில் போட்டால் கணக்கைப் பற்றி வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். இரண்டு வருடம் யாரும் திறக்காத தனியார் கணக்கைக் கூகுள் அழிக்கலாம் என்பது 2023 இல் வந்த விதி. டிஸ்க்கை என் பிள்ளை எடுத்துச் சொருகித் திறப்பான். கடவுச்சொல் இல்லாத கணக்கை அவனால் திறக்க ஏலாது. கணக்கு செயலிழந்தால் மனைவிக்கு அறிவித்தல் போகும்படி செய்திருக்கிறேன். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, காணி உறுதியும் பிறப்புப் பத்திரங்களும் இருக்கும் பைக்குள் வைத்திருக்கிறேன். ஓட வேண்டி வந்தால் இங்கே எல்லா வீட்டிலும் முதலில் கையில் எடுப்பது அந்தப் பையைத்தான்.

அம்மாவிடம் ஜிமெயில் இல்லை. உயர்தரம் படிக்கும் பேரனின் போனில் ஒரு கணக்குத் திறந்து அதிலும் படத்தைப் போட்டேன். ஸ்கானர் வைத்த இலக்கத்தை நீக்கிவிட்டு, பைலுக்கு அவர் பெயர், ஊர், பிறந்த வருடம் என்று பெயரிட்டேன். பெயரைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் எழுத்து எழுத்தாக வாசித்தார். ஊர்ப் பெயரில் நான் விட்ட ஒரு குற்றைச் சுட்டிக் காட்டித் திருத்துவித்த பிறகுதான் பஸ்ஸுக்கு எழுந்தார்.