நெற்றிக்கு நேரே காட்டும் தெர்மாமீட்டர்: ஏசி அறையும் கூடமும்

மாடி வீட்டு அக்கா, விலை இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா என்று கேட்டார். அதற்காகவே இதை எழுதுகிறேன். தொடாமல் காய்ச்சல் பார்க்கும் அகச்சிவப்பு தெர்மாமீட்டரைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பேட்டரி, திரை, ஒலி எதிலும் குறையில்லை. என் எரிச்சல் முழுவதும் ஏசி அறையின் நிலைப்படியைத் தாண்டும்போது தொடங்குகிறது.

அறைக்குள் ஒழுங்காக 98.4 காட்டிய கருவி, கூடத்தில் படுத்திருக்கும் மாமியாரின் நெற்றிக்கு நேரே போனதும் அழுத்தும் ஒவ்வொரு முறையும் வேறொரு எண்ணைக் காட்டும். உள்ளே இருக்கும் தெர்மோபைல் என்ற உணரி, நெற்றி வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரால் தான் எவ்வளவு கூடுதலாகச் சூடாகிறது என்ற வித்தியாசத்தை மட்டுமே மிகச் சிறிய மின்னழுத்தமாகத் தருகிறது. அதன் சொந்த வெப்பநிலையை அருகிலுள்ள தெர்மிஸ்டர் என்ற இன்னொரு உணரி சொல்ல, இரண்டையும் சேர்த்துச் சில்லு கணக்கிடுகிறது. 24 டிகிரி செல்சியஸ் அறையிலிருந்து அக்னி நட்சத்திரக் கூடத்துக்கு வந்த கருவி சூடேறிக்கொண்டிருக்கும்வரை, இவ்விரண்டும் ஒரே வெப்பநிலையில் இருப்பதில்லை; கணக்கு பிசகுகிறது. போதாக்குறைக்கு, சென்னைக் காற்றின் ஈரம் குளிர்ந்த முகப்பில் படிந்துவிட்டால், கருவி நெற்றிக்குப் பதில் அந்த நீர்ப்படலத்தையே அளக்கிறது. வியர்த்த நெற்றியானாலோ, எண் இன்னும் இறங்கும்.

புது இடத்துக்குக் கொண்டுசென்றால் அரை மணி நேரம் காத்திருக்குமாறு கையேடு கூறுகிறது. ஒரு நொடியில் அளக்கும் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டவர்கள், இதையும் அதே அளவில் அச்சிட்டிருக்கலாம்.

கக்கத்தில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. சூடேற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர் அதன் நுனியிலேயே இருந்து உடலைத் தொடுகிறது. ஏற்றம் ஏறக்குறைய நின்றதும் ஒலி எழுப்புகிறது. நியாயமாகப் பார்த்தால், மிகக் குறைந்த விலையில் மருந்துக் கடையில் கிடைக்கும் அதுவே போதும்.

ஆயினும் அக்காவை வாங்கச் சொல்லிவிட்டேன். அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது; அரும்பாடுபட்டுத் தூங்கவைத்த பிள்ளையின் கையை நள்ளிரவில் தூக்கி யார் எழுப்புவது? கருவியைப் பிள்ளை தூங்கும் அறையிலேயே வைத்துக்கொள்ளட்டும். எண் சந்தேகத்துக்கு இடமாக இருந்தால், மருந்து கொடுக்குமுன் கக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.