3,800 ரூபாய் செலவுக்கு அப்புறமும் அதே முருங்கை இலை

"ஏனுங்க மச்சான், உங்க கேமரா இப்ப வெலை எறங்கியிருக்குது, வாங்கலாமுங்களா?" என்று போன வாரம் மச்சினன் கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. ரிப்பேர் பில் மேஜை மேலேயே கிடந்தது.

எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. லென்ஸைக் கழற்ற முடியாத, சின்ன சென்சார் (படம் பதிகிற சில்லு) சூப்பர் ஜூம் சாதியெல்லாம் இந்த விஷயத்தில் பங்காளிகள்தான்.

நாலு வருஷமாக வைத்திருக்கிறேன். காங்கேயம் பக்கம் தோட்டத்து வீடு. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் துவைக்கிற கல், முருங்கை, செம்பருத்தி, ஒரு வேம்பு. சமையல்கட்டு ஜன்னலை விட்டு நகராமலே தவிட்டுக்குருவியின் வெளிறிய நீலக் கண்ணைப் படம் பிடித்திருக்கிறேன். செம்பருத்திக்கு வந்த தேன்சிட்டின் நெற்றியில் மகரந்தம் ஒட்டியிருந்ததையும் இதில்தான் முதலில் பார்த்தேன். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின்போது 15 நிமிஷம் நின்று பட்டியல் போடுவோமே, அங்கே இது இல்லாவிட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி. கதிர்க்குருவியின் இறக்கையில் மெல்லிய வெள்ளைக் கோடு இருக்கிறதா இல்லையா என்று வெறும் கண்ணால் சொல்லிவிட முடியுமா?

குறை ஒன்றே ஒன்று. ஃபோகஸ். குருவியைக் காட்டினால் இது இலையைப் பிடிக்கும். திரையில் தெரியும் ஃபோகஸ் கட்டத்தை ஒரே புள்ளியாகச் சுருக்கி, குருவியின் நெஞ்சில் வைத்து அழுத்தினாலும் இலைதான். வெயில் விழும் இலை விளிம்பு பளிச்சென்று இருக்கிறது, நிழலில் உட்கார்ந்த குருவி மங்கலாக இருக்கிறது. வெளிச்ச வித்தியாசம் எங்கே கூடுதலோ அங்கே ஓடுவதுதான் அதன் புத்தி. பட்டனை விட்டு மறுபடி அழுத்தினால் ஃபோகஸ் பக்கத்திலிருந்து தொலைவு வரை ஒரு நடை போய்த் திரும்பி வரும். அதற்குள் கிளைதான் ஆடிக்கொண்டிருக்கும். நான் கண்டுபிடித்த வைத்தியம், துவைக்கிற கல் மேல் மண் தாழியில் தண்ணீர் வைத்து, தாழியின் விளிம்புக்கு முன்கூட்டியே கையால் ஃபோகஸ் வைத்துவிடுவது. கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவிக் கூட்டம், கரிச்சான் எல்லாம் அங்கேதானே வந்தாக வேண்டும். நல்ல படங்களில் முக்கால்வாசி தாழி கொடுத்தவை.

ஆடியில் இந்த வைத்தியமும் போச்சு. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அடிக்கிற காற்று நம்ம பக்கம் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. ஜூம் குழாய் நீண்டு சுருங்கும்போது தூசியையும் சேர்த்து உள்ளே இழுத்திருக்கிறது. ஒரு நாள் கரகரவென்று பாதியில் நின்று 'லென்ஸ் எரர்' காட்டியது. கோயமுத்தூரில் பிரித்தவர் வெள்ளைக் காகிதத்தில் தட்டிக் காட்டினார்: செம்மண். "மண்ணு நெம்ப இருக்குதுங்க." அவர் மேல் குற்றமில்லை, வேலை சுத்தம். ஆனால் 3,800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஃபோகஸை அப்படியே திருப்பிக் கொடுத்தார். அவர் என்ன செய்வார்!

ஐப்பசி பிறந்ததும் ஆறுமணிக்குருவி வந்துவிட்டது. குளிருக்கு வடக்கேயிருந்து இறங்குகிற பறவை. விடியலிலும் அந்தியிலும் கூப்பிட்டுப் பெயர் வாங்கியது. சருகைக் கிளறித்தான் தின்னும் என்பதால், "நாலு நாளைக்கு வேம்படியைக் கூட்ட வேண்டாமுங்க அம்மா" என்று கெஞ்சி வைத்திருந்தேன். அதுவோ வெளிச்சம் இல்லாத நேரம். வெளிச்சம் போதாதபோது கூட்டுகிற ஐ.எஸ்.ஓ. அளவு 800-ஐத் தாண்டினால் இந்தச் சென்சாரில் படம் களிதான். இருந்தும் மூச்சைப் பிடித்து ஒன்பது படம் எடுத்தேன். ஒன்பதிலும், கவாத்து பண்ணிய முருங்கையின் துளிர் ஒன்று நரம்பு நரம்பாகத் தெரிகிறது. அதற்குப் பின்னால் பச்சையாகவும் நீலமாகவும் ஏதோ ஒன்று, கீழே ஒரு சிவப்பு.

அதனால் வாங்காதே என்று மச்சினனிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். ஏழாவது படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது: "முருங்கை நல்லா வந்திருக்குதுங்க மச்சான்."