இரண்டு கண்ணாடிக் கூடங்கள், இரண்டு பருவநிலைகள்

நான் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் புவியியல் டியூஷன் எடுப்பவள். பருவநிலை ஒரு செடியை எப்படி வடிவமைக்கிறது என்று காட்ட, கரையோரப் பூந்தோட்டங்களின் இரண்டு கூடங்களைவிட நல்ல வகுப்பறை சிங்கப்பூரில் எனக்குத் தெரியாது.

முதலில் ஃபிளவர் டோம். உள்ளே மத்திய தரைக்கடல் பருவநிலை. அந்த நாடுகளில் மழை குளிர்காலத்தில்தான், கோடை வறண்டு கிடக்கும். ஆலிவ் மரத்தடியில் நின்று இலையை உற்றுப் பாருங்கள்: சிறியது, தடித்தது, அடிப்பக்கம் வெள்ளி நிறம். அந்த நிறத்தைத் தரும் நுண்முடிகள் நீரிழப்பைக் குறைக்கின்றன. அப்புறம் பாவோபாப் மரம். பருத்த அடிமரத்தில் தண்ணீரைச் சேமித்து வைத்து, வறட்சியில் இலையை உதிர்த்துவிடும். தென்னாப்பிரிக்கப் பகுதியை அவசரமாகக் கடக்காதீர்கள். புரோட்டியாவின் சொந்த மண் சத்தற்ற மணல். அடர்ந்த தூரிகை போன்ற வேர்கள்தான் அதிலிருந்து பாஸ்பரஸை உறிஞ்சுகின்றன.

கிளவுட் ஃபாரஸ்ட்டில் 35 மீட்டர் மலை, அருவி, குளிர்ந்த ஈரம். பாசியும் ஆர்க்கிடும் மண்ணில்லாமலே பனிமூட்டத்தில் நீர் குடிக்கின்றன. குடுவைத் தாவரம் மண்ணில் கிடைக்காத நைட்ரஜனைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

கட்டணம் கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் கொடுக்கலாம். சிங்கப்பூர்வாசிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. பிள்ளைகளுக்கு மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மறுவாரம் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டுக்கும் கூட்டிப் போங்கள். நம் மழைக்காட்டில் உதிர்ந்த இலை விரைவில் மட்கி, சத்து உடனே வேருக்குப் போய்விடுவதால் மேல்மண் எவ்வளவு மெல்லியது என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.